அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

(பினாங்கில் தமிழ்க் குடும்பங்களுக்கான நலவாழ்வுக் கூட்டமொன்றில் உளவள ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியேறியவர்கள் கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, சேலையில் தூளி போட்டு, உள்ளே பச்சைக் குழந்தை. ஒரு நுனி அப்பா தோளில், மறுநுனி அம்மா தோளில். வேண்டுதல் பலித்தவர்கள். அதே படியில் வெறுந்தோளோடு ஏறும் தம்பதிகளும் இருக்கிறார்கள். இன்று அவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், அதிலும் அந்தக் கணவன்மாரைப் பற்றி.

ஓராண்டு முயன்றும் கரு உண்டாகாவிட்டால் அதைக் குழந்தையின்மை என்கிறது மருத்துவம். வாழ்நாளில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இதைச் சந்திக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கத்துக் காரணமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் முதலில் யாரை டாக்டரிடம் அழைத்துப் போகிறோம்? மருமகளைத்தான். ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே என்று அவள் உடம்பைப் புரட்டிய பிறகுதான் விந்துப் பரிசோதனைக்கென்று கணவர் கையில் ஒரு சின்ன டப்பா கொடுக்கப்படுகிறது. உள்ளதிலேயே எளிய பரிசோதனை அதுதான்.

முடிவு வருகிறது. விந்தணுக்களே இல்லை என்று எழுதியிருக்கிறது. அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். காரில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் மாமியார் கேட்டதும் மனைவி முந்திக்கொண்டு, "எனக்குத்தான் அத்தை, கோளாறு" என்கிறாள். இப்படிச் சொன்ன பெண்கள் என் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அவரைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள். அதன்பின் எல்லா ஏச்சும் அவளுக்கு. அவருக்கோ குற்ற உணர்ச்சி, யாரிடமும் சொல்ல முடியாதபடி.

பெண்ணின் வேதனை சாதாரணமில்லை. 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோயாளிகளுடையதற்கு நிகராக இருந்ததாகக் கண்டது. நாம் என்ன சொல்கிறோம்? "கவலைப்படாதேம்மா, கவலைப்பட்டால் தங்காது." அந்தப் பழியும் அவள் தலையில். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முந்தைய மனக்கலக்கம், உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் போன்ற சிகிச்சையின் வெற்றியைக் குறைக்கவில்லை என்றே 2011இல் வெளியிட்டார்கள். தயவுசெய்து இதைப் போய்ச் சொல்லுங்கள்: அவள் அழுததால் சிகிச்சை பலிக்காமல் போகவில்லை.

பெண்ணுக்கு அக்கா, தோழி, அம்மா என்று யாராவது ஒருவர் கிடைப்பார். ஆண் ஓவர்டைம் எடுக்கிறார். வீட்டில் தேதியையும் செலவையும் மட்டும் கேட்கிறார். "இவருக்கு வருத்தமே இல்லை" என்று மனைவி நினைக்கிறாள். "நானும் அழுதால் இவளை யார் தாங்குவது" என்று அவர் நினைக்கிறார். சிகிச்சை பலிக்காத ஆண்களை டென்மார்க்கில் ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். குறை யாரிடம் இருந்தாலும் அவர்களின் வேதனை கூடிக்கொண்டேதான் போனது.

அதனால் ஆணிடம் பேசும் முறை வேறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எடுத்த எடுப்பில் "மனசு எப்படி இருக்கிறது" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார். அந்தத் தாளை விரித்து வைத்துத் தொடங்குகிறேன். விந்தணு எண்ணிக்கை வேறு, ஆண்மை வேறு. அணு இல்லை என்றால் பாதை அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு விரையிலிருந்தே அணுவை எடுத்து, 1992 முதல் வழக்கத்துக்கு வந்த இக்ஸி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். இவ்வளவு விவரம் சொன்ன பிறகுதான் பலர் தலை நிமிர்கிறார்கள். அப்புறம் பேசுகிறார்கள், நிறுத்தாமல். மனைவி இல்லாமல் ஒரு சந்திப்பும் அவருக்குத் தேவை. அவள் எதிரில் உடையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர் அவர்.

சிகிச்சைக்குக் கேடபிள்யூஎஸ்பி எனும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்க 2020 முதல் வழியுண்டு. அந்தப் படிவத்தைத் தயங்காமல் நிரப்பும் நம் ஆண்கள், ஆலோசகரைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறார்கள். நேரில் வரக் கூச்சமென்றால் சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் "ஏதாவது விசேஷம் உண்டா" என்று அந்தப் பெண்ணைக் கேட்பதை விட்டுவிடுங்கள். பையனைத் தனியே அழைத்து, "சாப்பிட்டியா, வேலை எப்படிப்பா இருக்கு" என்று பக்கத்தில் உட்காருங்கள். தம்பதியருக்கு இன்னொன்று. அடுத்த முறை கிளினிக் போகும்போது அவர் காரில் காத்திருக்க வேண்டாம், உள்ளே வரட்டும். டாக்டர் உங்களை மட்டும் பார்த்துப் பேசினால், தங்கச்சி, நீங்களே சொல்லுங்கள்: "அவரையும் கேளுங்க, டாக்டர்."