திட்டு வாங்கும் தெய்வம்

நடுவர் அவர்களே, வணக்கம். அன்பான கடவுளும் தண்டனையும் ஒத்துப்போகுமா என்பது தலைப்பு. ஒத்துப்போகும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா, 2004 டிசம்பர் 26-ஐ நினைவூட்டினார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொள்ள வந்தவர்களைக் கடற்கரையிலேயே சுனாமி அலை வாரிக்கொண்டு போனது. ‘இவர்கள் செய்த பாவம் என்ன?’ என்று கேட்டார். ஒரு பாவமும் இல்லை ஐயா. அதைத் தண்டனை என்று எங்கள் அணியில் யார் சொன்னது? விழுந்த இடியெல்லாம் பாவத்தின் சம்பளம் என்பது பக்திமான்கள் சிலரின் பழைய கெட்ட பழக்கம். விவிலியத்தில் யோபு பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறார். துக்கம் கேட்க வந்த நண்பர்கள், ‘நீ ஏதோ செய்திருப்பாய்’ என்கிறார்கள். கடைசியில், நீங்கள் பேசியது சரியில்லை என்று கடவுள் கோபித்துக்கொள்வது, தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களைத்தான். சுனாமி ஏன் வந்தது என்பதற்குப் புவியியல் காரணம் உண்டு. அதற்கு மேல் ஒரு கணக்குச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

சரி, நிஜமான தண்டனைக்கு வருவோம். பெரிய புராணத்தில், சிவபெருமானின் தோழர் என்று பேர் வாங்கிய சுந்தரர், தாம் மணக்கப்போகும் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று திருவொற்றியூரில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சாமியிடம் முன்கூட்டியே பேசி வைக்கிறார். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! சாமியோ சங்கிலியார் கனவில் போய், ‘மகிழடியிலேயே சத்தியம் வாங்கு’ என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வர, சுந்தரர் சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று.

தோழனுக்கே இந்தக் கதியா என்று எதிரணி கேட்கும். தோழன் என்பதற்காக ஒரு பெண்ணிடம் கொடுத்த வாக்கு காற்றோடு போகலாமா? சாமியின் அன்பு சுந்தரருக்கு மட்டும்தானா, சங்கிலியாருக்குக் கிடையாதா? ஏமாற்றியவனைத் தட்டிக் கேட்காத அன்பு, ஏமாந்தவளுக்கு எதற்கு?

தண்டித்தவர் கைகழுவிவிட்டும் போகவில்லை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் தந்தார், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொன்று. அந்தத் திருவாரூரில் சுந்தரர் கெஞ்சவா செய்தார்? அடியார் துயரம் சொன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறீரே, ‘வாழ்ந்து போதீரே’, அதாவது நீரே நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்று திட்டினார். அந்தத் திட்டையும் ஏழாம் திருமுறையில் சேர்த்து, சன்னதியில் நின்றே ஓதுகிறோம். கொடுங்கோலன் எவனாவது தன் சபையில் இதைப் பாட விடுவானா? எதிரணி பதில் சொல்லட்டும்.