கோடையில் ஒரு ஜீனோம் லேபில்: இரண்டு மாதம் உண்மையில் என்ன செய்வீர்கள்?

[திரையில்: காலண்டர். அக்டோபர், நவம்பர் வட்டமிடப்படுகிறது]

அடுத்த மே மாதம் நீங்கள் ஒரு ஜீனோமிக்ஸ் லேபில், அதாவது ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ.வான ஜீனோமை ஆராயும் லேபில், உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால், அதற்கான வேலையைத் தீபாவளிச் சமயத்திலேயே தொடங்கிவிட வேண்டும். செமஸ்டர் தேர்வு முடியட்டும், அப்புறம் தேடலாம் என்று இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது காசு கட்டிச் சேரும் இன்டர்ன்ஷிப்தான். பத்து நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதைப் பயிற்சி வகுப்பு என்றுதான் சொல்ல வேண்டும், ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது.

பி.எஸ்சி., பி.டெக். படிக்கிறவர்கள் ஒரு உண்மையான ஆராய்ச்சிக் குழுவோடு இரண்டு மாதம் வேலை பார்க்க, இந்தியாவில் நன்றாக அறியப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப். பெங்களூரில் இருப்பது 1934-ல் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி. மற்ற இரண்டும் டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் இருக்கின்றன. தேர்வானால் கட்டணம் கிடையாது, அவர்கள்தான் உங்களுக்கு ஸ்டைபெண்ட் தருவார்கள். ஜீனோம் பக்கம் போக விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆராய்ச்சி நிறுவனங்கள்: ஐதராபாத் சி.சி.எம்.பி., டெல்லி ஐ.ஜி.ஐ.பி., மேற்கு வங்காளம் கல்யாணியில் உள்ள என்.ஐ.பி.எம்.ஜி., பெங்களூரில் என்.சி.பி.எஸ்., ஐ.ஐ.எஸ்சி.

மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், நீங்களே எழுதும் ஒரு சின்னக் குறிப்பு. விண்ணப்பத்தில் முக்கியமானவை இவைதான். அந்தக் குறிப்பில் "சிறு வயதிலிருந்தே எனக்கு டி.என்.ஏ. மீது தீராத ஆர்வம்" என்று எழுதாதீர்கள். அதைப் படித்துப் படித்துச் சலித்தவர்கள்தான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் கேள்வி, அதற்கு எந்த டேட்டா, உங்களுக்கு இப்போது என்ன தெரியும் என்று எழுதுங்கள்.

[திரையில்: வெள்ளைக் கோட்டு மறைகிறது. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடுகின்றன]

சரி, உள்ளே போய்விட்டீர்கள். என்ன செய்வீர்கள்? ஒரு உதாரணப் ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம்.

2009-ல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணி, சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் ஆகியோர் உள்ளிட்ட பெரிய குழுவின் வேலை அது. இதயத் தசைப் புரதம் ஒன்றைத் தயாரிக்கும் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற ஜீனில் 25 எழுத்துகள் (டி.என்.ஏ.வை எழுதும் ஏ, டி, ஜி, சி) விடுபட்டுப்போன மாற்றம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது. இதயச் செயலிழப்புக்கான ஆபத்தை அது கூட்டுகிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. அதே ஜீனில் கூடவே இருக்கும் இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2018-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. ஆக, விவகாரம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது உங்கள் கைடு, அதாவது உங்களை வழிநடத்தும் விஞ்ஞானி, சொல்கிறார்: "1000 ஜீனோம்ஸ் டேட்டாவில் இந்த மாற்றம் எத்தனை பேருக்கு இருக்குன்னு பாரு." 26 மக்கள் குழுக்களிலிருந்து 2,504 பேரின் ஜீனோம்களைப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவைத்த திட்டம் அது. அதில் எஸ்.டி.யு. என்று ஒரு குழு இருக்கிறது. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள், 102 பேர்.

ஃபைலைத் திறந்தால் விடை வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். அங்கேதான் கணக்கு இடிக்கும்.

[திரையில்: எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

மனித ஜீனோமில் சுமார் 300 கோடி எழுத்துகள். இந்த எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்சிங் மெஷின் அதை முழு நீளமாகப் படிப்பதில்லை. ஏறக்குறைய 150 எழுத்து கொண்ட துண்டுகளாகப் படிக்கிறது. நம்பகமான முடிவு வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 தடவை படிக்க வேண்டும். மொத்தம் 9,000 கோடி எழுத்து. மெஷின் தான் படித்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தர மதிப்பெண் போடும். க்யூ30 என்றால் நல்ல மதிப்பெண். ஆயிரம் எழுத்துக்கு ஒன்றுதான் தப்பு என்று அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 9,000 கோடியில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 9 கோடி தப்பு.

ஒருவருடைய ஜீனோம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பொது ஜீனோமிலிருந்து உண்மையாகவே வேறுபடும் இடங்களோ 40 லட்சத்திலிருந்து 50 லட்சம்தான்.

9 கோடி பொய்க்கு நடுவில் 40 லட்சம் உண்மை. ஜீனோமிக்ஸ் வேலையின் பெரும்பகுதி இதைப் பிரிப்பதுதான். மெஷினின் தப்புகள் பெரும்பாலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். உண்மையான மாற்றமோ ஒரே இடத்தில் பாதித் துண்டுகளிலோ எல்லாவற்றிலுமோ தெரியும். 30 தடவை படிப்பதன் காரணம் இதுதான்.

25 எழுத்து விடுபட்ட இடத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. விடுபட்ட இடம் ஒரு துண்டின் நடுவில் வந்தால், துண்டுகளைப் பொது ஜீனோமில் அதனதன் இடத்தில் பொருத்தும் மென்பொருள் அதைக் கண்டுபிடித்துவிடும். துண்டின் ஓரத்தில் வந்தால் திணறும். அங்கே எழுத்தே இல்லை என்பதற்குப் பதிலாக, எழுத்து மாறியிருக்கிறது என்று நாலைந்து போலி மாற்றங்களைக் காட்டும். அதனால்தான் ஐ.ஜி.வி. என்ற மென்பொருளில் அந்த இடத்தைத் திறந்து, ஒவ்வொரு ஆளின் துண்டுகளையும் கண்ணால் பார்க்கச் சொல்வார்கள். உலை வைக்கும் முன் அரிசியில் கல் பார்ப்பது மாதிரி அலுப்பான வேலை. பத்துப் பேரைப் பார்ப்பதற்குள் ஒரு மத்தியானம் போய்விடும். ஆனால் போலி எப்படி இருக்கும் என்று கண் பழகிவிட்டால், அப்புறம் எந்த மென்பொருளின் பட்டியலையும் அப்படியே நம்ப மாட்டீர்கள்.

அதோடு முடியவில்லை. இரண்டு ஆட்களின் டி.என்.ஏ. மாதிரிகள் இடம் மாறியிருக்கலாம். பெண் என்று பதிவான ஃபைலில், ஆண்களுக்கு இருக்கும் ஒய் குரோமோசோமின் துண்டுகள் நிறையக் கிடந்தால், எங்கோ குழப்பம் நடந்திருக்கிறது. அண்ணன் தம்பி இருவருமே பட்டியலில் இருந்தால், ஒரே குடும்பத்து மாற்றத்தை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். இதையெல்லாம் சரிபார்ப்பதிலேயே ஐந்தாறு வாரம் போய்விடும்.

கடைசியில் எண்ணிக்கை வருகிறது. நிதானம் வேண்டிய இடம் இதுதான். 4 சதவீதம் என்றால் 102 பேரில் எதிர்பார்க்க வேண்டியது ஏறக்குறைய 4 பேர். தற்செயலாகவே அது 2 ஆகவும் வரலாம், 7 ஆகவும் வரலாம். 7 வந்ததும் "தமிழர்களுக்கு இதய நோய் ஆபத்து அதிகம்" என்று போஸ்டர் அடித்துவிடாதீர்கள். நல்ல கைடு கேட்கும் முதல் கேள்வி, "இந்த எண்ணுக்கு எர்ரர் பார் எங்கே?" என்பதுதான். எண் எவ்வளவு மேலே கீழே போகலாம் என்று காட்டும் கோடு அது.

[திரையில்: அமெரிக்க வரைபடம், மேய்ன் மாநிலக் கடற்கரை]

கைடு என்றதும் ஒரு பழைய கதை. 1950-களில் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஊரில், எலிகளை வைத்து மரபியல் ஆராய்ச்சி செய்யும் ஜாக்சன் லேபுக்கு டேவிட் பால்டிமோர் என்ற பள்ளி மாணவர் கோடைப் பயிற்சிக்குப் போனார். அங்கே மூத்த மாணவராக இருந்தவர் ஹோவர்ட் டெமின். டெமின் படித்த ஸ்வார்த்மோர் கல்லூரியிலேயே பால்டிமோரும் பிறகு சேர்ந்தார். 1970-ல் இருவரும் தனித்தனியாக ஒரே நொதியைக் கண்டுபிடித்தார்கள்: ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். 1975-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையில் வரும் 'ஆர்.டி.' இந்த நொதிதான்.

ஜாக்சன் லேபின் கோடைத் திட்டம் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களுக்கு மட்டும். நியூயார்க் அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் 1959 முதல் நடக்கும் பத்து வாரத் திட்டத்துக்கு வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. முயற்சி செய்யுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், நிறுவனத்தின் பெயரைவிட யாருடன் உட்காரப் போகிறீர்கள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நேரடியாக மெயில் எழுதுவதானால், அறுபது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீர்கள். ஒருவரின் ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து, அதில் புரியாத ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். பதில் போடாவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இப்போதிருந்து மே வரை என்ன படிப்பது? லினக்ஸ் கமாண்ட் லைன். ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி, ஏதாவது ஒன்று. புள்ளியியல், அதிலும் நிகழ்தகவு. வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் இல்லையென்றால் கேலக்ஸி என்ற இலவச சர்வரில் பிரவுசர் வழியாகவே மேலே சொன்ன வேலைகளைப் பழகலாம். எஸ்.டி.யு. டேட்டாவை வைத்தே பழகுங்கள்.

வேலை வாய்ப்பு பற்றிச் சுருக்கமாக. ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 பேரின் ஜீனோம் டேட்டா 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஃபரிதாபாத் டேட்டா மையத்தில் இருக்கிறது. அதைப் படிக்க ஆள் வேண்டும். மெட்ஜீனோம், ஸ்ட்ராண்ட் போன்ற பெங்களூர் நிறுவனங்களில் நோயாளிகளின் மாற்றங்களை அலசும் வேலைகள் இருக்கின்றன. ஜெனெடிக் கவுன்சலிங் (மரபணு நோய்கள் பற்றிக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வது) பக்கம் போக வேண்டுமென்றால் தனியாகப் படிக்க வேண்டும். பிஎச்.டி. நீண்ட பாதை. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க இந்த இரண்டு மாதம் நல்ல வாய்ப்பு.

[திரையில்: ஒரு ஃபோல்டர் திறக்கிறது]

கிளம்பும் வாரத்துக்கு மூன்று விஷயம். நீங்கள் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை, அடுத்து வருபவருக்குப் புரிகிற மாதிரி குறிப்பு எழுதி ஒப்படையுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு, கைடுக்கு உங்கள் முகம் நினைவிருக்கும்போதே கேட்டுவிடுங்கள். 1000 ஜீனோம்ஸ் மாதிரி பொதுவில் உள்ள டேட்டாவைத் தவிர, லேபில் பார்த்த எந்த மனிதரின் டேட்டாவையும் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். அவர்கள் ரத்தம் கொடுத்தது அந்த ஆய்வுக்கு மட்டும்தான்.