எதிர்ப்பக்கத்தார் தலையாட்டும் வரை

ஐயா அவர்களுக்கும் சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆராதனை முடிந்து பசியோடு இருப்பீர்கள். ஆனாலும் உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே ஞாயிறு பள்ளி பிள்ளைகளோடு முடிந்துவிடுவதில்லை. மகள் போகிற சபையில் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் பெரியவர்களுக்கும் வகுப்பு. ஒரு மாதம் ரோமர் நிருபம் படித்தார்கள். அடுத்த மாதம் வீட்டு வாடகை ஏறுகிற பிரச்சினை. அப்புறம் மூன்று வாரம், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று. அந்த நாட்டில் இது பழைய வழக்கம். 1874இல் நியூயார்க் மாநிலத்தில் சட்டாக்குவா ஏரிக்கரையில் மெத்தடிஸ்ட் போதகர் ஜான் வின்சென்ட்டும் லூயிஸ் மில்லரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்தினார்கள். நான்கே வருஷத்தில் அது, பெரியவர்கள் வீட்டிலிருந்தபடியே படிக்கிற நான்காண்டுப் படிப்பாக வளர்ந்துவிட்டது.

நான் இருந்தபோது அந்த வகுப்பில் எடுத்துக்கொண்ட விஷயம் அரசியல். எனக்குப் பயமாக இருந்தது. அங்கே குடியரசுக் கட்சிக்காரருக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்காரருக்கு நீலம். ஒரே பெஞ்சில் இருபது வருஷமாக உட்காருகிற குடும்பங்கள் தேர்தல் வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மகள் சொல்லியிருந்தாள்.

கோயிலுக்குக் கீழே இருக்கிற ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஒரு எலெக்ட்ரீஷியன், எதிரே ஒரு நர்ஸ் அம்மா. வெளிநாட்டு ஆட்கள் எல்லை தாண்டி வருவதைப் பற்றி அவர் மூன்று நிமிஷம் பேசினார். பதில் சொல்ல அந்த அம்மாவுக்கு அனுமதி இல்லை. அவர் சொன்னதை முதலில் அவர் மனசுக்குச் சரியாகப் படும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். “பாதிதான் சரி” என்றார் அவர். இன்னொரு தடவை சொன்னார்கள். “நான் அவர்களை வெறுப்பதாகச் சொல்லவில்லையே” என்றார். அந்த அம்மா கையிலிருந்த காபியைத் தரையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, மூன்றாம் முறை நிதானமாகச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவின் முறை வந்தது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எதிர்ப்பக்கத்தார் “ஆமாம், நான் சொன்னது இதுதான்” என்று தலையாட்டுகிற அளவுக்கு அவர் கருத்தை நம்மால் சொல்ல முடிய வேண்டும். அவரை மாற்றுவது அப்புறம். மாறாமலே போகலாம், அதுவும் சரி.

இப்படிப்பட்ட பயிற்சிகளை அந்த நாடு முழுக்க நடத்துகிற ஒரு அமைப்பு உண்டு, பிரேவர் ஏஞ்சல்ஸ் என்று பெயர். 2016 தேர்தல் முடிந்த கையோடு, அந்த டிசம்பரிலேயே, ஒஹையோ மாநிலத்தில் சவுத் லெபனான் என்கிற சிற்றூரில் இரண்டு பக்கத்தாரையும் உட்காரவைத்து ஆரம்பித்தார்கள். அதை வடிவமைத்த பில் டோஹர்ட்டி, கணவன் மனைவிச் சண்டைக்கு ஆலோசனை சொல்கிற குடும்பநல ஆலோசகர். அவர் முறையில் ஒரு பக்கத்தார் உள்வட்டத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், மற்றவர்கள் வெளிவட்டத்தில் வாய் திறக்காமல் கேட்பார்கள். இரண்டே கேள்விகள். உங்கள் பக்கத்துக் கொள்கை நாட்டுக்கு ஏன் நல்லது? உங்கள் பக்கத்தைப் பற்றி உங்களுக்கே இருக்கிற சங்கடம் என்ன? அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எதிரில் இருப்பவன் தன் கட்சியின் குறையைத் தானே சொல்லக் கேட்ட பிறகு, அவனைக் கண்மூடித்தனமான ஆள் என்று நினைக்க மனசு வராது.

இன்னொரு சம்பவம். இது ரத்தம் சிந்திய இடத்தில் ஆரம்பித்தது. 1994 டிசம்பர் 30, பாஸ்டனை ஒட்டிய புரூக்லைன் ஊரில் கருக்கலைப்பு செய்கிற இரண்டு கிளினிக்குகளில் ஒருவன் புகுந்து சுட்டான். இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். அடுத்த செப்டம்பரிலிருந்து ஆறு பெண்கள் ரகசியமாகச் சந்தித்தார்கள். கருக்கலைப்பை எதிர்க்கிற தலைவர்கள் மூன்று பேர், அது பெண்ணின் உரிமை என்கிறவர்கள் மூன்று பேர். முதல் அணியில் கத்தோலிக்க மறைமாவட்ட அலுவலகத்தில் பொறுப்பிலிருந்த பார்பரா தார்ப் இருந்தார். இரண்டாம் அணியில் எப்பிஸ்கோப்பல் சபைக் குருவானவர் ஆன் ஃபௌலர். இரண்டு பக்கமும் விசுவாசிகள் என்பதைக் கவனியுங்கள்.

முதல் நாள், எதிர்க்கிற அணியினர் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வார்த்தையிலேயே முட்டிக்கொண்டது. ஒரு அணிக்கு “பிறவாத குழந்தை” என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற அணி அதை ஒத்துக்கொள்ளவில்லை, “கரு” என்றார்கள். அதை இவர்கள் ஏற்கவில்லை. கடைசியில் “மனிதக் கரு” என்று ஒரு வார்த்தைக்கு ஆறு பேரும் அரைமனசோடு சம்மதித்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்கு தடவை சந்திப்பதாகத்தான் ஏற்பாடு. ஐந்து வருஷத்துக்கு மேல் சந்தித்தார்கள். 2001 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகையில் ஆறு பேரும் பெயர் போட்டுச் சேர்ந்து எழுதினார்கள். கருக்கலைப்பு பற்றி ஒருவர்கூடக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இடையில் ஒரு காரியம் நடந்தது. வன்முறையை நியாயப்படுத்துகிற ஒருவர் வேறு மாநிலத்திலிருந்து மாசச்சூசெட்ஸுக்கு வரப்போவதாகத் தெரிந்ததும், அவரை வர வேண்டாம் என்று கடிதம் எழுதியது கருக்கலைப்பை எதிர்க்கிற பெண்கள்தான். அவர் வரவில்லை.

இதை ஏன் சபையில் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். வேறு எங்கே செய்வது? நண்பரை நாம் தேர்ந்தெடுக்கிறோம், கட்சியைத் தேர்ந்தெடுக்கிறோம். பக்கத்துப் பெஞ்சில் யார் உட்கார வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கவில்லை. இன்றைக்கு முறைத்துக்கொண்டாலும் அடுத்த ஞாயிறு அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். அது பெரிய கொடுப்பினை. அமெரிக்காவில் 1954இலிருந்து இருக்கிற வரிச் சட்டம், வரிவிலக்கு பெற்ற சபைகள் வேட்பாளரை ஆதரித்துப் பிரசாரம் செய்யக் கூடாது என்கிறது. பிரசங்க பீடத்தில் கட்சி பேசுவது எனக்கும் சம்மதம் இல்லை. வகுப்பு என்பது வேறு. அங்கே எல்லாரும் ஒரே உயரத்தில் உட்காருகிறோம்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் அங்கே தெரிந்தது. யுனைடெட் மெத்தடிஸ்ட் சபையிலிருந்து, ஓரினச் சேர்க்கையாளர் பற்றிய கருத்து வேறுபாட்டில், 2019 முதல் 2023 வரை 7,500க்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சபைகள் பிரிந்துபோயின. பேசியிருந்தால் எல்லாரும் சேர்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த பெஞ்சுக்காரர் ஏன் அப்படி நினைத்தார் என்று தெரியும்?

நமக்கும் இது அந்நியமான காரியம் இல்லை. 1919இல் தரங்கம்பாடியில் அசரியா அத்தியட்சரும் மற்றவர்களும் சபைகள் ஒன்றுசேர வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947இல். 28 வருஷப் பேச்சு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒருவரை மனுஷராகவே மதிக்காத ஆளோடு “உட்கார்ந்து பேசு” என்று அந்த ஒருவரை நாம் வற்புறுத்தக் கூடாது. அவமானப்பட்டவருக்கு வராமலிருக்கவும் உரிமை உண்டு. வட்டத்தில் உட்காருகிற யாரும் தாமாக வந்தவர்களாக இருக்க வேண்டும்.

சரி, ஐயா அனுமதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, பின்னால் இருக்கிற ஹாலில் 12 நாற்காலி போடுகிறோம், வட்டமாக. ஆளுக்கு மூன்று நிமிஷம், ஒருவர் கடிகாரம் பார்ப்பார். போன தேர்தலில் நம் வீட்டுக்குள்ளேயே எதைப் பேச முடியாமல் போனது என்பதுதான் முதல் கேள்வி. டீ போடுகிற பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.