கடன் கிடைத்த பிறகு என்ன? இராமநாதபுரக் கரையின் சிறுதொழில்கள்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரிலிருந்து பேசுகிறேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடல் இருப்பதால் காற்றின் இரைச்சல் ஒலிப்பதிவில் விழுந்தே தீரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுதொழில் தொடங்க எங்கே கடன் கிடைக்கும் என்று கேட்பவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன். கடன் கிடைத்த பிறகு அந்தத் தொழில் எதைப் பிடித்துக்கொண்டு வளரும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்தக் கரையில் பணமே இல்லை என்பது உண்மையன்று. பொருளைச் செய்பவருக்கும் அதை வாங்குபவருக்கும் இடையில் நிற்க வேண்டிய ஆட்களும் வசதிகளும்தாம் இங்கே குறைவு. என் பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஒரு வட்டாரத்தில் ஒரே வகைத் தொழில்கள் அருகருகே கூடும்போது ஒவ்வொன்றும் தனித்து நிற்பதைவிட எளிதாக வளர்கிறது என்பதை ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1890-லேயே எழுதிவிட்டார். பழகிய தொழிலாளர்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள், உதிரிப் பொருளும் துணைப் பணியும் செய்பவர்கள் தேடி வருவார்கள், தொழில்நுணுக்கம் வாய்வழியாகவே பரவும் என்பன அவர் சொன்ன காரணங்கள். 2011-இல் டேனியல் ஐசன்பெர்க் என்ற பேராசிரியர் இதையே விரித்து, அரசின் கொள்கை, நிதி, பண்பாடு, துணை அமைப்புகள், மனிதவளம், சந்தை ஆகிய ஆறும் ஒன்றோடொன்று பின்னியிருந்தால்தான் தொழில்முனைவு தழைக்கும் என்றார். கோட்பாடு இவ்வளவு போதும்.

இதற்கு உதாரணம் தேடி நாம் கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியதில்லை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பி, மறு ஆண்டே தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு நாட்காட்டி வந்தது. அதுவும் மழை குறைந்த, வேளாண்மை கைகொடுக்காத மண்தான். இராமநாதபுரத்தைப் பற்றி வறட்சியை மட்டுமே காரணமாகச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கே தொழிலைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய, வலுவான ஏற்பாடு ஒன்று நெடுங்காலமாக இயங்குகிறது. வலைக்கும் இயந்திரப் பழுதுக்கும் பணம் வேண்டும் என்றால் நாட்டுப்படகு வைத்திருப்பவர் முதலில் வங்கிக்குப் போவதில்லை, மீன் வியாபாரியிடம் போகிறார். அவர் பத்திரம் கேட்பதில்லை, ஈட்டுறுதி கேட்பதில்லை, அன்றைக்கே முன்பணம் கொடுக்கிறார். ஐஸ் அவர் ஏற்பாடு, பெட்டி அவர் ஏற்பாடு, வண்டி அவர் ஏற்பாடு. வீட்டில் திருமணம், மருத்துவச் செலவு என்றாலும் அவரே வருகிறார். ஐசன்பெர்க் சொன்ன ஆறில் பாதியையாவது இந்த ஒரு மனிதரே செய்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும், விலையையும் பெரும்பாலும் அவரே சொல்வார். கணக்கு தீர்ந்தால்தான் வேறிடம் போகலாம். கணக்கு தீருவதே அரிது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, படகு வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களின் கணக்கில் மேலும் கொஞ்சம் ஏறுகிறது. வியாபாரியைக் கெட்டவராகக் காட்டுவது என் நோக்கமன்று. வங்கி செய்யாததை அவர் செய்கிறார், அதற்கான விலையை எடுத்துக்கொள்கிறார். இந்த ஏற்பாட்டின் குறை வேறு. பிடிப்பதற்கும் வெளியே அனுப்புவதற்கும் மட்டுமே இது உதவுகிறது; இங்கேயே ஒரு பொருளைச் செய்து, பெயரிட்டு, விற்க நினைப்பவருக்கு இதில் இடம் இல்லை. நண்டுக் கம்பெனிகளில் நம் பெண்கள் சதையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அது டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா போகிறது. அவர்கள் கைக்கு வருவது கூலி, கற்ற தொழில் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்தப் போக்குக்கு மாறாக நடந்த முயற்சி ஒன்று உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை முங்கி எடுத்துப் பிழைத்த பெண்கள் இந்தக் கரையில் ஏராளம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு அந்த வேலைக்குக் கெடுபிடி கூடியது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 1990-களில் காப்பாபைகஸ் என்ற பாசியை இங்கே வளர்த்துப் பார்த்தது. பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து வந்த இந்தப் பாசியிலிருந்து ஐஸ்கிரீம் முதலியவற்றைக் கெட்டிப்படுத்தும் கராஜீனன் கிடைக்கிறது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இதில் இறங்கியது. பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். வங்கிகள் குழுக்களுக்குக் கடன் கொடுத்தன. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கட்டிவிட்டால் ஏறத்தாழ 45 நாளில் நான்கு மடங்காகும். காய வைத்ததை வாங்கிக்கொள்ள ஆள் முன்கூட்டியே உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், விதை கொடுக்க ஆய்வகம், பணம் கொடுக்க வங்கி, உழைக்கக் குழு, வாங்க நிறுவனம் என்று சங்கிலியின் நான்கு கண்ணிகளும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கும் தொலைவில் இருந்தன. அதனால்தான் கடலைத் தவிர வேறு சொத்து இல்லாத பெண்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கும் நிலைக்கு வந்தார்கள். எந்தத் திட்டத்தின் மானியமும் தனியாக இதைச் செய்திருக்காது.

பலவீனமும் அதே சங்கிலியில்தான் இருந்தது. வாங்குபவர் மிகச் சிலர், வளர்த்ததோ ஒரே பாசி. 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறிப் பாசி பெருமளவில் அழிந்தபோது விளைச்சல் சரிந்தது. பலர் மிதவையைக் கைவிட்டார்கள். பாசியைச் சாறெடுத்து உரமாகவும் கராஜீனனாகவும் மாற்றும் ஆலையோ கரையில் இல்லை, சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் அமைந்தது. மதிப்பு எங்கே கூடுகிறதோ அங்கேதான் துணைத்தொழிலும் முளைக்கும். காயவைத்த பாசியை மூட்டை கட்டி அனுப்பும் ஊரில் மூட்டை தூக்கும் வேலைதான் பெருகும். இந்தப் பாசி பவளப்பாறைகளின் மேல் படர்ந்து அவற்றை மூடுகிறது என்ற சூழலியலாளர்களின் எச்சரிக்கையையும் ஒதுக்க முடியாது. ஒரு தொழிலைத் தாங்குவதற்காகக் கடலையே இழந்தால் பிறகு தாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

இதே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கோபியா எனப்படும் கடல் விராலை இந்தியாவிலேயே முதன்முறையாகச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்தது. கூண்டு வைத்து வளர்க்கும் மீனவர்களுக்குக் குஞ்சு இங்கிருந்தே கிடைக்க வழி பிறந்தது. ஆய்வகம் அருகில் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இது இன்னொரு சான்று.

இப்போது பெரியபட்டினத்திலோ தங்கச்சிமடத்திலோ கருவாடு போடும் ஒரு பெண்ணை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வாரச் சந்தையில் விற்றவர் சென்னைக் கடைக்கு அனுப்ப விரும்புகிறார். ஆண்டு விற்றுமுதல் அரசு வகுத்த வரம்புக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எளிது. மண் ஒட்டாமல் காயவைக்கப் பரண் வேண்டும், மழை நாளுக்குச் சூரிய உலர்த்தி வேண்டும். அதற்கும் கடன் உண்டு. அதன் பிறகுதான் சிக்கல். உப்பின் அளவும் ஈரப்பதமும் சோதிக்க மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ மாதிரி அனுப்ப வேண்டும். காற்றை நீக்கிப் பொதியும் இயந்திரத்தை ஒருவர் தனியாக வாங்கினால் அது பாதி நாள் சும்மா கிடக்கும். உறை அச்சிடச் சிவகாசிக்காரர் கேட்கும் குறைந்த எண்ணிக்கையே இவருடைய ஓராண்டுத் தேவையைத் தாண்டும். இவை ஒவ்வொன்றும் சிறிய தடைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகின்றன. ஊருக்குப் பொதுவாக ஒரு கொட்டகையில் உலர்த்தி, பொதியும் இயந்திரம், சிறு குளிர்பதன அறை ஆகியவற்றை வைத்து, பயன்படுத்தும் நேரத்துக்கு மட்டும் வாடகை வாங்கினால் பத்துக் குடும்பம் ஒரே நேரத்தில் மேலேறும். நபருக்கு நபர் மானியம் பிரித்துக் கொடுப்பதைவிட இதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், முத்ரா, மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக வரும் மாநிலத் திட்டங்கள் என்று பட்டியல் நீளும். அதைப் படிக்க நீங்கள் என் காணொளிக்கு வர வேண்டியதில்லை. அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் புத்தாக்கச் சீட்டு என்ற பெயரில், ஒரு புதிய பொருளைக் கல்லூரி அல்லது ஆய்வகத்தின் துணையோடு உருவாக்கிப் பார்க்க முதல் கட்டமாக 2 லட்சம் ரூபாய் வரையும், அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையும் தருகிறது. பனங்கருப்பட்டியில் கலப்படம் கண்டறிவதிலிருந்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயைப் பதப்படுத்துவது வரை எத்தனையோ வேலைகளுக்கு இது பொருந்தும்.

கீழக்கரையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கரையின் நிதியைப் பேச முடியாது. முத்தும் சங்கும் கப்பலேறிய காலத்திலிருந்து கடல் கடந்து வணிகம் செய்த ஊர் அது. இன்றும் வளைகுடா நாடுகளிலிருந்து பணம் வருகிறது. அதில் பெரும்பகுதி வீடாகவும் மனையாகவும் நகையாகவும் மாறுகிறது. பக்கத்து ஊர்க் கருவாட்டுத் தொழிலிலோ அதே ஊரில் தொதல் என்ற இனிப்பைச் செய்யும் வீட்டிலோ பங்காகப் போட நம்பகமான ஒரு வழி இருந்தால் அதில் ஒரு சிறு பகுதியாவது தொழிலுக்கு வரும். வட்டி வாங்காமல் இலாப நட்டத்தில் பங்கேற்கும் முறை அங்கே புதிதும் அன்று.

மத்திய அரசு 2023 செப்டம்பரில் இம்மாவட்டத்தின் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாய் மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியது. விதைப்பாசி வங்கி, ஆய்வு, பதப்படுத்தல் எல்லாம் ஓரிடத்தில் அமைய வேண்டும் என்பது எண்ணம். நான் மேலே சொன்ன இடைவெளியைச் சரியாகத் தொடும் எண்ணம்தான். எனவே அந்தப் பகுதியில் தொழில் செய்பவர்கள் மூன்றை இப்போதே எழுத்து மூலம் கேட்டு வையுங்கள். ஐந்து பெண்கள் சேர்ந்த குழு வாடகைக்கு எடுக்கும் அளவுக்குச் சிறிய கொட்டகைகள் அங்கே ஒதுக்கப்படுமா? ஆய்வகக் கட்டணம் கிலோ கணக்கில் கொண்டுவருபவருக்கும் கட்டுப்படியாகுமா? பாசியை வாங்க ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிடும்படி ஏலம் நடத்தப்படுமா?