தூங்கும் ஜென்னியும் பேசும் யூலலியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1870ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு கவிதைகள் அச்சேறின. இரண்டிலும் உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு பெண் வருகிறாள். ஒன்றில் அவள் தூங்குகிறாள், மற்றொன்றில் பேசுகிறாள்.

தூங்குகிறவள் டான்டே கேப்ரியல் ரோசெட்டியின் ‘ஜென்னி’. படித்த ஆண் ஒருவன் இரவில் அவள் அறைக்கு வருகிறான். களைத்துப்போன ஜென்னி அவன் மடியில் தலைவைத்து அயர்ந்துவிடுகிறாள். விடியும்வரை அவன் மனத்துக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறான். தன் உறவுப்பெண் நெல்லும் இவளும் ஒரே மண்ணில் வனைந்த பாண்டங்கள்தானே என்றுகூட நினைக்கிறான். அவன் இரக்கம் பொய்யில்லை. ஆனால் விடிந்ததும் என்ன செய்கிறான்? அவள் கூந்தலில் பொற்காசுகளை வைத்துவிட்டு, எழுப்பாமல் போய்விடுகிறான். கவிதை முழுவதிலும் ஜென்னிக்கு ஒரு சொல்கூட இல்லை.

அன்றைய சட்டமும் இப்படித்தான் இருந்தது. 1857 விவாகரத்துச் சட்டப்படி, மனைவி பிறரோடு உறவு கொண்டாள் என்பதே கணவனுக்குப் போதும். கணவன் அதே தவறைச் செய்தால், கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் அவள் நிரூபிக்க வேண்டும். 1923 வரை இதே நிலைதான். 1864 முதல், பால்வினை நோய்களைத் தடுக்கவென்று தொற்றுநோய்ச் சட்டங்கள் வந்தன. படைவீரர்கள் தங்கும் ஊர்களிலும் துறைமுகங்களிலும், உடலை விற்பவள் என்று சந்தேகப்பட்ட பெண்ணைப் போலீஸ் பிடித்துக் கட்டாய உடல் சோதனைக்கு உட்படுத்தலாம். அவளிடம் போன ஆணுக்குச் சோதனை கிடையாது. 1871இல் அரச ஆணையம் இதற்கு விளக்கமும் கொடுத்தது: பெண் வருமானத்துக்காகக் குற்றம் செய்கிறாளாம்; ஆண் இயற்கையான உந்துதலுக்கு முறைதவறி இடங்கொடுக்கிறானாம்! ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் மேடை மேடையாக ஏறிப் போராடித்தான் 1886இல் அந்தச் சட்டங்கள் ஒழிந்தன.

அந்தச் சட்டங்கள் நடப்பில் இருந்தபோதுதான் கவிஞர் அகஸ்டா வெப்ஸ்டர் நான் சொன்ன இரண்டாவது கவிதையை, ‘எ காஸ்ட்அவே’ (ஒதுக்கப்பட்டவள்) என்பதை, எழுதுகிறார். ஒதுக்கப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் யூலலி. வசதியான அறையில் தனியாக உட்கார்ந்து, சிறுமியாக இருந்தபோது எழுதிய நாட்குறிப்பைப் புரட்டுகிறாள். கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். பிறகு கணக்குத் தீர்க்கத் தொடங்குகிறாள். பொய் வழக்காடும் வக்கீலும், கலப்படம் செய்யும் வியாபாரியும், நம்பாததைப் போதிக்கும் பாதிரியும் என்னைவிட எதில் உயர்ந்தவர்கள் என்று கேட்கிறாள். வீட்டுப் பணம் உடன்பிறந்தவனின் படிப்புக்குப் போனது. இவளுக்கு உருப்படியாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. உழைத்துப் பிழை என்கிறீர்களே, வேலை எங்கே? சட்டைகளைவிடத் தைப்பவர்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்கிறாள். எனக்கு இந்த வரி நூறு உபதேசங்களுக்குச் சமம். திருந்துவதற்கான இல்லத்துக்கும் போய்ப் பார்த்தவள் அவள். தாங்க முடியாமல் வெளியேறியவள். ரோசெட்டியின் நாயகன் விடியவிடிய யோசித்தும் தொடாத கூலிக் கணக்கை இவள் போட்டுக் காட்டிவிடுகிறாள்.

ரோசெட்டியின் தங்கை கிறிஸ்டினாவையும் சொல்லியாக வேண்டும். 1859 முதல் பல ஆண்டுகள், ஹைகேட்டில் இப்படிப்பட்ட பெண்களுக்கான இல்லத்தில் ஊதியமின்றித் தொண்டு செய்தவர் அவர். ‘கசின் கேட்’ 1862இல் வந்த அவருடைய கவிதை. ஒரு பிரபு குடிசைப் பெண்ணை மயக்கி, கையுறையை மாற்றுவதுபோல் மாற்றிவிட்டு, அவளுடைய உறவுக்காரி கேட் என்பவளை மணக்கிறான். ஊர் கேட்டை உத்தமி என்கிறது; முதல் பெண்ணைத் தள்ளிவைக்கிறது. ஆணை யாரும் எதுவும் சொல்வதில்லை. கைவிடப்பட்டவளோ கேட்டைப் பார்த்து, “உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அவன் முகத்தில் உமிழ்ந்திருப்பேன்” என்கிறாள். கேட்டுக்குப் பிள்ளை இல்லை. இவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். அவனை என் அவமானம், என் பெருமை என்று இரண்டையும் சேர்த்தே அழைக்கிறாள். மன்னிப்புக் கேட்கும் வரி ஒன்றுகூட அந்தக் கவிதையில் கிடையாது.