சீட் முதலில், பாயிண்ட் பிறகு

வணக்கம். விமானத்தில் பறந்து சேர்த்த மைல்களையும், கிரெடிட் கார்டில் சேர்ந்து கிடக்கும் பாயிண்டுகளையும் வைத்து வெளிநாட்டுக்கு ஒரு நெடுந்தூரப் பயணத்தைப் பதிவு செய்வது எப்படி என்று பார்க்கலாம். 10 மணி, 14 மணி நேரம் பறக்கிற பயணத்தைச் சொல்கிறேன். ஒரு மணி நேரப் பயணத்துக்கு இத்தனை பாடு வேண்டாம். காசு கொடுத்தே வாங்கிவிடலாம்.

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ என்ற மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் விமான நிறுவனமும் இறங்கியது. அந்தக் காலத்தில் கணக்கு எளிது. பறந்த தூரத்துக்கு மைல், இத்தனை மைலுக்கு இந்த டிக்கெட் என்று ஓர் அட்டவணை இருக்கும். 2015இல் டெல்டா அந்த அட்டவணையைத் தூக்கியது, 2019இல் யுனைடெட்டும் தூக்கியது. இப்போது பல திட்டங்களில், காசு விலை ஏறினால் பாயிண்ட் விலையும் கூடவே ஏறுகிறது. ஆனாலும் ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் ஆகிய மூன்று கூட்டணிகள் வழியாக, ஒரு நிறுவனத்தின் மைலைக் கொண்டு இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறலாம். நெடுந்தூரப் பயணத்தில் லாபம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பலரும் சறுக்குவது முதல் படியில்தான். விமானத்தில் காலி சீட் இருப்பது வேறு, பாயிண்டுக்குக் கொடுக்கிற சீட் இருப்பது வேறு. பிசினஸ் கிளாஸில் 20 சீட் காலியாக இருந்தாலும், கூட்டாளி நிறுவனத்தின் உறுப்பினர்களுக்கு ஒன்றுகூடத் திறக்காமல் இருக்கலாம். முன்பதிவு அமைப்பில் ஒவ்வொரு வகைக் கட்டணத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. ஸ்டார் அலையன்ஸில் கூட்டாளிகளுக்குத் திறக்கும் மைல் சீட்டுகள், எகானமி என்றால் ‘எக்ஸ்’, பிசினஸ் என்றால் ‘ஐ’, முதல் வகுப்பு என்றால் ‘ஓ’. ‘ஐ’யில் 2 என்று காட்டினால் இரண்டு பேருக்குத்தான் இடம். அதிலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாதிரி சிலர், நெடுந்தூர பிசினஸ் சீட்டுகளைப் பெரும்பாலும் தங்கள் சொந்த உறுப்பினர்களுக்கென்றே வைத்துக்கொள்கிறார்கள். கையில் எத்தனை லட்சம் பாயிண்ட் இருந்தாலும், திறக்காத சீட்டை வாங்க முடியாது.

ஆகவே தேடும் முறையை மாற்ற வேண்டும். நான்கு பேர் குடும்பம் என்றால் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுங்கள். நான்கு பேருக்கு என்று கேட்டால், மூன்று சீட் இருந்தாலும் பல தளங்கள் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிடும். ஒருவருக்குக் கிடைக்கிறதா, அடுத்து இரண்டு, பிறகு நான்கு. இரண்டு பேர் ஒரு விமானத்தில், இரண்டு பேர் மறுநாள் என்று பிரிந்து போகத் தயாராக இருந்தால் வழி பிறக்கும். புறப்படும் ஊரிலிருந்து போய்ச் சேரும் ஊர் வரைக்கும் ஒரே மூச்சில் தேடவும் வேண்டாம். கடலைக் கடக்கும் அந்த நீண்ட பகுதியை மட்டும் முதலில் பிடியுங்கள். சின்ன விமானங்களைப் பிறகு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும்போது ஒரு வேடிக்கை நடப்பதுண்டு: தனித்தனியாகத் தேடினால் இருக்கும் சீட், சேர்த்துத் தேடினால் மறைந்துவிடும். பயணம் முழுவதையும் ஒரே சரக்காகப் பார்த்துத்தான் அமைப்பு முடிவெடுக்கிறது. கனெக்‌ஷன் நேரத்தையோ இடையில் மாறும் ஊரையோ மாற்றிப் பாருங்கள், சில சமயம் திரும்ப வந்துவிடும்.

எப்போது தேடுவது? பந்திக்கு முந்து என்பது இங்கேயும் பொருந்தும். பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 355 நாட்களுக்கு முன்பே திறக்கின்றன. யுனைடெட் 337 நாள், அமெரிக்கன் 331 நாள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போகிற தேதி திறக்கும் நாளில் திரும்பி வருகிற தேதி திறந்திருக்காது. அதனால் போகும் பயணத்தை ஒருவழியாகப் பதிவு செய்துவிட்டு, திரும்புவது திறக்கும்வரை காத்திருந்து அதைத் தனியாகப் பதிவு செய்வதுதான் நடைமுறை. இந்த முதல் அலையைத் தவறவிட்டால் அடுத்த நல்ல காலம் கடைசி இரண்டு வாரம். விற்காது என்று தெரிந்த சீட்டுகளை அப்போது அவிழ்த்துவிடுவார்கள். இடைப்பட்ட மாதங்கள் பெரும்பாலும் வறட்சி. பள்ளி விடுமுறையில், தேதியையும் மாற்ற முடியாமல் பிசினஸ் கிளாஸில் நான்கு சீட் தேடுகிறவர்கள், காசு கொடுத்து எகானமியில் போவதையும் யோசித்துவைப்பது நல்லது.

சீட் கண்ணில் பட்டதும் கார்டு பாயிண்டை விமான மைலாக மாற்ற ஓடாதீர்கள். மாற்றினால் மாற்றியதுதான், திரும்ப வராது. சில திட்டங்களுக்கு நிமிடத்தில் போய்ச் சேரும், சிலவற்றுக்கு நாட்கணக்கில் ஆகும். அதற்குள் சீட்டை வேறொருவர் எடுத்திருப்பார். இதைவிட மோசமானது பேய் சீட். தளத்தில் காட்டும், பணம் கட்டும் பக்கம் வரை கூட்டிப்போகும், கடைசியில் பிழை என்று சொல்லும். உண்மையில் அந்தச் சீட்டே இருக்காது. பழைய தகவல் திரையில் தங்கியிருக்கும். சோதிக்க வழி உண்டு. அதே கூட்டணியில் இன்னொரு நிறுவனத்தின் தளத்தில் அதே விமானத்தைத் தேடுங்கள். இரண்டிலும் தெரிந்தால் பெரும்பாலும் உண்மை. அப்படியும் சந்தேகம் என்றால், மைல் திட்டத்தின் தொலைபேசிக்கு அழைத்து, விமான எண், தேதி, வகுப்பு மூன்றையும் ஒவ்வொரு பகுதிக்கும் நீங்களே வரிசையாகச் சொல்லுங்கள். “பிசினஸில் ஏதாவது இருக்கா?” என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். பாயிண்ட் வந்து சேரும்வரை சீட்டைப் பிடித்துவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். சில திட்டங்கள் செய்கின்றன.

அடுத்து, வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். இலவச டிக்கெட் என்று நம்பிப் போனால், விமான நிலைய வரி தவிர, விமான நிறுவனமே போட்டுக்கொள்ளும் சர்சார்ஜ் ஒன்று காத்திருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், டாலரில் வைத்துக்கொள்வோம். காசு கொடுத்தால் டிக்கெட் 900 டாலர். பாயிண்டில் 45,000, கூடவே 150 டாலர் வரி. 900இல் 150 போனால் மிச்சம் 750. அதை 45,000ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 1.67 சென்ட். இது நல்ல விலை. அதே டிக்கெட்டுக்கு வரியும் சர்சார்ஜுமாக 550 டாலர் கேட்டால்? மிச்சம் 350, பாயிண்டுக்கு 0.78 சென்ட். பாதிக்கும் கீழே. அப்போது காசு கொடுத்துப் போய்விட்டு பாயிண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஒரே விமானம், ஒரே சீட் என்றாலும் எந்தத் திட்டத்தின் மைலில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து இந்த சர்சார்ஜ் மாறும். சில திட்டங்கள் அதை நம் தலையில் கட்டும், சில கட்டாது. புறப்படும் ஊரும் முக்கியம். பிரிட்டனிலிருந்து கிளம்பும் நெடுந்தூரப் பயணத்துக்குப் பயணி வரி உண்டு, எகானமியைவிட மேல் வகுப்புகளுக்கு அதிகம். ஒரே டிக்கெட்டில் வேறு நாட்டிலிருந்து அங்கே இறங்கி, 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அந்த வரி இல்லை.

அந்த 24 மணி நேரத்தை வேறு விதத்திலும் பயன்படுத்தலாம். சர்வதேசப் பயணத்தில் 24 மணிக்குள் விமானம் மாறினால் அது கனெக்‌ஷன், தாண்டினால் ஸ்டாப்ஓவர். சில திட்டங்கள் ஸ்டாப்ஓவருக்குக் கூடுதல் மைல் கேட்கும், சில அனுமதிப்பதே இல்லை. காலையில் இறங்கி மறுநாள் விடியற்காலை கிளம்பினால், கூடுதல் மைல் இல்லாமலே ஒரு நாள் ஊர் சுற்றலாம். விசா தேவையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு பகுதிக்கும் வகுப்பைத் தனித்தனியாகப் படியுங்கள். பிசினஸ் விலையில் மைலை வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேர விமானத்தில் பிசினஸும் 12 மணி நேர விமானத்தில் எகானமியும் கொடுக்கிற கலப்பு டிக்கெட்டுகள் உண்டு. தளத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் அதன் கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள். பெரியவரின் காசு டிக்கெட்டில் 10 சதவீதம் என்று கணக்கிடும் திட்டங்களில், பிசினஸ் கிளாஸ் மடிக்குழந்தைக்கு வரும் தொகை அதிர்ச்சி தரும்.

பதிவானதும் ஆறு எழுத்து பி.என்.ஆர். வரும். அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 13 இலக்கம், முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தைக் காட்டும்: யுனைடெட் என்றால் 016, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618. அந்த எண் இல்லையென்றால் கையில் இருப்பது முன்பதிவு மட்டும்தான், சில நாளில் தானாகவே ரத்தாகிவிடலாம். பறக்கப்போகும் நிறுவனத்துக்கு வேறு பி.என்.ஆர். இருக்கும். அதையும் கேட்டு வாங்கி, அவர்கள் தளத்தில் போட்டு, சீட் எண்ணும் சாப்பாடும் அங்கேயே தேர்ந்தெடுங்கள்.

ஒரு வருடம் முன்பே பதிவு செய்த டிக்கெட்டில் நேரம் மாறாமல் இருப்பது அபூர்வம். மாறினால் பேச வேண்டியது மைல் வாங்கிக்கொண்ட திட்டத்திடம். விமானத்தை ஓட்டும் நிறுவனம் பெரும்பாலும் அவர்களிடமே திருப்பி அனுப்பும். மாற்றம் பெரிதாக இருந்தால் அது உங்களுக்கு வாய்ப்பும்கூட. பிடிக்காத கனெக்‌ஷனை விட்டுவிட்டு நல்ல விமானத்தில் மாற்றித் தரச் சொல்லலாம். அழைப்பதற்கு முன் மாற்று விமானத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் முதல் விமானத்தில் ஏறாமல் விட்டால் மிச்சப் பகுதிகளும் ரத்தாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இன்னொரு முறை தேடுங்கள். கடைசி நேரத்தில் நேரடி விமானமோ மேல் வகுப்போ திறந்திருந்தால், புதிய டிக்கெட்டை முதலில் வாங்கி, எண் வந்தபிறகு பழையதை ரத்து செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் மைல் வேண்டும் என்பதால், கணக்கில் கொஞ்சம் இருப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கைகொடுக்கும். நன்றி, வணக்கம்.