லிங்க்ட்இன்னில் எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? பக்கத்தில் இருக்கும் பெரியவர் பேப்பரை இறக்கிவிட்டு, "மக்களுக்கு வீடு எங்க?" என்பார். தக்கலை என்று சொன்னால், "தக்கலையில எங்க? யாருக்க மவன்?" ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் தெரிந்த ஓர் ஆள் கிடைத்துவிடுவார். பேச்சுக் கொடுக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே நாம், வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் இணையதளத்தில் போய் உட்கார்ந்தால் மனு எழுத ஆரம்பித்துவிடுகிறோம். "மதிப்பிற்குரிய ஐயா, நான் பி.இ. முடித்துள்ளேன், தங்கள் நிறுவனத்தில் தகுந்த வாய்ப்பு இருப்பின் தெரிவிக்கவும்." படிக்கிறவர் இதற்கு என்ன எழுதுவார்? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றுதான் சொல்ல முடியும். இல்லை என்று எழுத மனசு வராமல் அப்படியே விட்டுவிடுவார். பதில் வராவிட்டால் திமிர் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சங்கடம்தான்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. நாகர்கோவிலில் ரயிலேறி கழக்கூட்டத்தில் இறங்கி, திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்த்த காலம். வேறு வேலை தேடி ஒரே செய்தியை நாற்பது பேருக்கு, பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினேன். ஒன்றில் மாற்ற மறந்துவிட்டேன். வந்த ஒரே பதில் அவரிடமிருந்துதான்: "நான் அவர் இல்லை."

இவ்வளவு மெனக்கெட்டு அறிமுகம் இல்லாதவரிடம் பேசத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் பாதிக்கும் மேல். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி சற்றுத் தள்ளி இருப்பவரிடம்தான் இருக்கும். அதுதான் அவர் சொன்ன காரணம்.

சரி, எப்படி எழுதுவது? குலசேகரம் பக்கத்துத் தம்பி ஒருவன், மெக்கானிக்கல் படித்தவன், என்னிடம் வந்தான். ஆரல்வாய்மொழி காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவருக்கு எழுத வேண்டும். அவன் கொண்டுவந்தது அச்சு அசல் அந்த மனுதான். நான் கேட்டேன், "அவரை நேரில் பார்த்தால் என்ன கேட்பாய்? வேலையை விடு." கொஞ்சம் யோசித்தான். அவன் பஸ்ஸில் அந்தக் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வருமாம். ஆனி ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது ஒரு காற்றாடி மட்டும் நிற்கிறதே, ஏன்?

அதைத்தான் எழுதினான். ஆங்கிலத்தில்தான் எழுதினான், நான் தமிழில் சொல்கிறேன்: "சார், நான் குலசேகரம். முப்பந்தல் வழியாக அடிக்கடி போவேன். நல்ல காற்றுக் காலத்தில் ஒரு காற்றாடி பழுதானால் உடனே ஏறிச் சரிசெய்வீர்களா, காற்றுத் தணியும்வரை காத்திருப்பீர்களா?" அவ்வளவுதான். படிப்பு, மதிப்பெண் எதுவும் இல்லை. அதெல்லாம் அவனுடைய லிங்க்ட்இன் பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டுமென்றால் அவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வார். இணைப்புக் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பில் அதற்கெல்லாம் இடமும் கிடையாது, சில நூறு எழுத்துகள்தான். தமிழில் எழுதினால் இன்னும் சீக்கிரம் நிரம்பும். கணினிக் கணக்கில் 'கி' என்பது இரண்டு குறியீடு, நமக்குத்தான் ஒன்று.

கேள்வி உண்மையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். "உங்கள் வெற்றிப் பயணம் பற்றிச் சொல்ல முடியுமா" என்று கேட்பவருக்குத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். கூகுளில் கிடைக்கிற பதிலுக்கும் ஒருவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பத்து நாள் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம், கடன் வசூல் மாதிரி ஆகிவிடும்.

தம்பிக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் மேலே ஏற விடமாட்டார்கள், பெரிய பராமரிப்பையெல்லாம் காற்றுக் காலத்துக்கு முன்பே முடித்துவிடப் பார்ப்போம் என்று விவரமாக எழுதியிருந்தார். கடைசி வரியில், "தம்பிக்கு உயரம் பயமா?" என்றொரு கேள்வி.

இவன் என்ன எழுதினான் தெரியுமா? "தாத்தா பனை ஏறியவர் சார். நான் மாமரம்வரைக்கும்தான்."

அவர் சிரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். போன வாரம் போய் வந்தான். வேலை பற்றி இருவரும் இன்னும் பேசவில்லையாம்.

வணக்கம்.